பயிற்சி ஆட்டமும் நீச்சல் குளமும்

ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில் வராத ஆட்டங்களைப் பார்ப்பதற்காக ஒவ்வொரு மார்ச் மாதமும் லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது விசித்திரம்தான். டெஸ்ட் தொடருக்கு முன்னால் நடக்கும் பயிற்சி ஆட்டத்துக்கு யாராவது லீவு போட்டு, பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு, ஓட்டலில் ரூம் எடுத்துத் தங்கிப் பார்ப்பார்களா? இங்கே பார்க்கிறார்கள். பேஸ்பாலில் அதற்கு ஸ்ப்ரிங் ட்ரெயினிங் என்று பெயர்.

மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். பிப்ரவரி நடுவில் 15 அணிகள் ஃப்ளோரிடாவுக்கும் 15 அணிகள் அரிசோனாவுக்கும் போய்விடும். பனி கொட்டும் பாஸ்டனிலும் டெட்ராய்டிலும் சிகாகோவிலும் அந்த நேரத்தில் வெளியே நின்று பந்து வீச முடியாது. ஃப்ளோரிடாவில் நடப்பதற்கு கிரேப்ஃப்ரூட் லீக் என்றும், அரிசோனாவில் நடப்பதற்கு கேக்டஸ் லீக் என்றும் செல்லப்பெயர்கள். ஒன்று பழத்தோட்டம், இன்னொன்று கள்ளிக்காடு. மைதானங்கள் சின்னவை. ஆட்டக்காரர்கள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார்கள். பந்தில் கையெழுத்து வாங்கப் பிள்ளைகள் வேலியோரம் வரிசை கட்டுவார்கள். பல மைதானங்களில் வெளிவட்டத்துக்கு அப்பால் புல்மேடு இருக்கும். அங்கே போர்வை விரித்துப் படுத்துக்கொண்டே பார்க்கலாம். நட்சத்திரங்கள் சில இன்னிங்ஸ் ஆடிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு முதுகில் 85, 92 என்று பெரிய எண் போட்ட, பெயர் தெரியாத பையன்கள் வருவார்கள். அவர்களுக்குத்தான் அது வாழ்வா சாவா ஆட்டம். மற்ற எல்லாருக்கும் பிக்னிக்.

அட்லாண்டாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு மார்ச் வந்தது. மகளுக்குப் பதினோரு வயது, பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். ஒரு வாரத்தில் நான்கு ஆட்டம் என்று திட்டம் போட்டோம். டேடோனா பீச், சான்ஃபோர்டு, லேக்லேண்ட், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பிராடென்டன், கடைசியாக பிரேவ்ஸ் அணி பயிற்சி செய்யும் நார்த் போர்ட். பேஸ்பாலில் பெரிய ஆர்வம் இல்லாத என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "எந்த ஊர்ல வேணா தங்கலாம். ஆனா ஸ்விம்மிங் பூல் இல்லாத மோட்டல்ல நான் தங்க மாட்டேன்." மகளும் உடனே அம்மா கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

வழியில் இருக்கும் ஊர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. படிக்கப் படிக்க ஒரு கேள்வி விடாமல் கூடவே வந்தது. வெயில், கடல், நீச்சல் குளம், அப்பா ஆடுவதைப் பார்க்கும் பிள்ளைகள்: இந்த விடுமுறை யாருக்கெல்லாம் கிடைத்தது?

*

தொடக்கத்தில் இதில் விடுமுறை என்று எதுவும் இல்லை. 1886இல் சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் அணியை அதன் தலைவர் கேப் ஆன்சன் அர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸுக்குக் கூட்டிப்போனார். பெயருக்கேற்ற வெந்நீர் ஊற்று ஊர். குளிர்காலம் முழுக்கத் தின்று, குடித்துப் பெருத்த உடம்புகளை வியர்க்க வைத்து இறக்குவது நோக்கம். கிட்டத்தட்ட ஒரு பத்தியச் சிகிச்சை.

அதை ஊர் வியாபாரமாகப் பார்த்தவர் ஆல் லேங். பிட்ஸ்பர்கில் சலவைத் தொழில் நடத்திப் பணம் பார்த்தவர், உடல்நலத்துக்காக ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்குக் குடிவந்தார். அது அப்போது வளைகுடாக் கரையோரத்துச் சின்ன ஊர். விற்பதற்கு அங்கே இருந்தது வெயிலும் மனைக்கட்டும்தான். லேங்கின் கணக்கு எளிமையானது. ஓர் அணி வந்தால் கூடவே பத்திரிகை நிருபர்களும் வருவார்கள். வடக்கே மூக்கு ஒழுகிக்கொண்டு காலைப் பேப்பர் படிப்பவன், செய்தியின் தலையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற பெயரை மார்ச் முழுக்கப் பார்ப்பான். பார்த்தவன் ஒருநாள் ரயில் ஏறுவான். ஊர்க்காரர்கள் பணம் போட்டு காஃபி பாட் பார்க் என்ற மைதானத்தை அமைத்தார்கள். 1914இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணி வந்து இறங்கியது. அதன் மேலாளர் பிராஞ்ச் ரிக்கி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும். லேங் பிறகு ஊருக்கு மேயர் ஆனார். அவர் பெயரில் கடலோரத்தில் மைதானம் இருக்கிறது; இப்போது அங்கே கால்பந்து ஆடுகிறார்கள்.

மற்ற ஊர்களும் இதே பாடத்தைப் படித்துக்கொண்டன. லேக்லேண்டுக்கு டெட்ராய்ட் டைகர்ஸ் 1934இல் வந்தது. போர்க்கால இடைவெளியைத் தவிர இன்று வரை அங்கேதான். பிராடென்டன் மைதானம் 1923இல் கட்டியது. இன்றும் ஆட்டம் நடக்கிறது. வடக்கிலிருந்து ரயிலிலும் காரிலும் குடும்பங்கள் வந்தன. பயிற்சி முகாம் மெல்ல மெல்லச் சுற்றுலாவாக மாறியது.

ஆட்டக்காரர்களுக்கு மட்டும் அது நெடுநாள் சம்பளமில்லா வேலை. 1946இல் ராபர்ட் மர்ஃபி என்பவர் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் அமைக்க முயன்றார். சங்கம் அமையவில்லை. ஆனால் மிரண்டுபோன முதலாளிகள் பயிற்சிக் காலச் செலவுக்கு வாரம் 25 டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். அந்தப் படிக்கு மர்ஃபி மணி என்றே பெயர் நிலைத்துவிட்டது. சிறிய லீக் பையன்கள் பயிற்சிக் காலத்துக்குக் கூலி கேட்டுத் தொடர்ந்த வழக்கு 2022இல்தான் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது.

மர்ஃபி மணி வந்தாலும் வராவிட்டாலும், பெரிய சம்பளக்கார வெள்ளையின ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பயிற்சிக் காலம் முழுக்கக் கடற்கரையில் வீடு வாடகைக்கு எடுத்து, மனைவி பிள்ளைகளை வரவழைத்துக்கொள்வது. காலையில் பயிற்சி, மதியம் ஆட்டம், சாயங்காலம் பிள்ளைகளோடு கடல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத் தெருக்களில் பச்சை வண்ணம் அடித்த பெஞ்சுகள் வரிசையாகப் போட்டிருக்கும். அந்த ஊருக்கு அடையாளமே அதுதான். தபால் அட்டைகளில் எல்லாம் அச்சடித்தார்கள். வயதானவர்கள் உட்கார்ந்து வெயில் காய்வார்கள். கறுப்பினத்தவர்கள் அதில் உட்காரக் கூடாது.

*

டேடோனா பீச்சில் ஆற்றின் நடுவே ஒரு தீவு. அதில் ஒரு பழைய மைதானம். இப்போது அதன் பெயர் ஜாக்கி ராபின்சன் மைதானம். வாசலில் அவர் சிலை, பக்கத்தில் இரண்டு பிள்ளைகள். நாங்கள் போன அன்று ஆட்டம் எதுவும் இல்லை. இங்கே மேஜர் லீக் அணிகளும் இப்போது பயிற்சிக்கு வருவதில்லை. "ஆட்டமே இல்லாத ஊருக்கு எதுக்குப்பா வந்தோம்?" என்று மகள் கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதை இது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1945 அக்டோபரில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியைச் சேர்ந்த மாண்ட்ரியால் ராயல்ஸ் ஜாக்கி ராபின்சனை ஒப்பந்தம் செய்தது. முடிவெடுத்தவர் டாட்ஜர்ஸை நடத்திக்கொண்டிருந்த அதே பிராஞ்ச் ரிக்கி. அதுவரை கறுப்பினத்தவர்கள் தனி லீக்குகளில்தான் ஆட முடியும். 1946 பிப்ரவரி 10ஆம் தேதி ராபின்சனுக்கும் ரேச்சலுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் கல்யாணம். மாதக் கடைசியில் பயிற்சி முகாமுக்குக் கிளம்ப வேண்டும். புதுப்பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தேனிலவு என்று வைத்துக்கொண்டாலும் சரி, குடும்பத்தோடு போன முதல் ஸ்ப்ரிங் ட்ரெயினிங் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

விமான நிலையத்தில் ஜாக்கியின் அம்மா மேலி ஒரு செருப்புப் பெட்டியைக் கையில் கொடுத்தார். உள்ளே வறுத்த கோழியும் அவித்த முட்டையும். ரேச்சல் கல்லூரியில் நர்ஸிங் படித்தவர். கணவர் பரிசளித்த ரோமக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர். விமானத்தில் போகிறவள் கட்டுச்சோறு தூக்கிக்கொண்டு போவதா என்று அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. வாங்கிக்கொண்டார். நியூ ஆர்லியன்ஸில் இருவரையும் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அடுத்த விமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒரு கடை கிடையாது. அந்தப் பெட்டியைத்தான் திறக்க வேண்டியிருந்தது. மாமியாருக்குத் தெற்கு தெரியும். அவர் ஜார்ஜியாவிலிருந்து பிழைக்கப் போனவர்.

பென்சகோலாவில் மறுபடியும் இறக்கிவிட்டார்கள். அவர்கள் இடத்தில் வெள்ளையினப் பயணிகள் ஏறினார்கள். மீதி தூரம் பஸ். ஏறி உட்கார்ந்தவர்களை டிரைவர் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு வருடம் முன்புதான், 1944இல், ராணுவ பஸ்ஸில் பின்னால் போக மறுத்ததில் தொடங்கிய தகராறுக்காக ராபின்சன் ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுதலையாகியிருந்தார். அப்படிப்பட்ட மனிதர் இந்த முறை வாய் திறக்காமல் எழுந்து பின்னால் போனார். சண்டை போட்டால் ரிக்கியின் திட்டம் மொத்தமும் அங்கேயே முடிந்துவிடும். இருட்டில், கணவருக்குத் தெரியாமல் அழுததாக ரேச்சல் பின்னாளில் சொன்னார். மார்ச் 2ஆம் தேதி டேடோனா வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் வண்டியிலும் ஒரு டப்பா நிறையப் புளியோதரை இருந்தது. ருசிக்காக எடுத்து வந்தது. நெடுஞ்சாலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் பத்துக் கடை இருக்கிறது, எதிலும் நாங்கள் நுழையலாம். அன்றைக்குக் கறுப்பினக் குடும்பம் ஒன்று காரில் ஊர் சுற்ற வேண்டுமென்றால் தனியாக ஒரு வழிகாட்டிப் புத்தகமே தேவைப்பட்டது. 1936இலிருந்து விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர் வெளியிட்ட கிரீன் புக்: எந்த ஊரில் யார் வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எந்தக் கடையில் பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல்.

பயிற்சி தொடங்கிய இடம் பக்கத்து ஊரான சான்ஃபோர்டு. ராபின்சனும், கூட ஒப்பந்தமான பந்து வீச்சாளர் ஜானி ரைட்டும் அங்கே ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார்கள். இரண்டே நாள். ஊரைவிட்டுப் போகாவிட்டால் கும்பல் வரும் என்று தகவல் வந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு டேடோனாவுக்குத் திரும்பினார்கள். கூடவே இருந்தவர் வெண்டெல் ஸ்மித், பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகையின் கறுப்பின நிருபர். அவரும் இந்தக் கதையில் பின்னால் மறுபடி வருவார்.

டேடோனா ஒன்றும் சொர்க்கம் இல்லை. அணியின் மற்றவர்கள் ஓட்டலில் தங்க, ராபின்சன் தம்பதி ஜோ ஹாரிஸ் என்பவர் வீட்டில் தங்கினார்கள். ஆனாலும் அங்கே கறுப்பின மக்களுக்கு ஓட்டு இருந்தது, ஓட்டுக்கு மதிப்பும் இருந்தது. மேரி மெக்லியட் பெத்யூன் என்ற பெரிய கல்வியாளர் உருவாக்கிய கல்லூரி அந்த ஊரில்தான். நகராட்சி ஆட்டத்துக்குத் தடை சொல்லவில்லை. 1946 மார்ச் 17ஆம் தேதி இந்தத் தீவு மைதானத்தில் ராபின்சன் டாட்ஜர்ஸுக்கு எதிராக இறங்கினார். கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய மூலை நிரம்பி வழிந்தது.

மற்ற ஊர்கள் இறங்கி வரவில்லை. ஜாக்சன்வில் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டது. டிலேண்ட் ஊர்க்காரர்கள் மின்விளக்குகளைப் பழுது பார்க்கிறோம் என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டமோ பட்டப்பகலில். சான்ஃபோர்டில் ஆட்டத்தின் நடுவே போலீஸ் தலைவர் மைதானத்துக்குள் வந்து ராபின்சனை வெளியே அனுப்பச் சொன்னார்.

கதையைக் கேட்டுக்கொண்டிருந்த மகள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ அவங்க பீச்சுக்குப் போகவே இல்லையா?" டேடோனா பீச் என்று பெயரிலேயே கடற்கரையை வைத்திருக்கும் ஊர். அந்தக் கடற்கரை வெள்ளையினருக்கு மட்டும். அதனால்தான் பெத்யூனும் சில கறுப்பின முதலீட்டாளர்களும் 1940களில் தெற்கே கொஞ்ச தூரம் தள்ளிக் கடலோர நிலம் வாங்கி, தங்கள் மக்களுக்கென்று ஒரு கடற்கரையை உருவாக்கினார்கள். கடல் எல்லாருக்கும் பொது. அதில் கால் நனைக்க மட்டும் தனியாக நிலம் வாங்க வேண்டியிருந்தது.

*

1947 வசந்தத்தில் ரிக்கி டாட்ஜர்ஸை ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோகவே இல்லை. கியூபாவின் ஹவானாவுக்குக் கொண்டுபோனார். ஏப்ரல் 15ஆம் தேதி ராபின்சன் மேஜர் லீகில் கால் வைத்தார். 1948இலிருந்து டாட்ஜர்ஸுக்கு வீரோ பீச்சில் தனி முகாம். பழைய கடற்படை விமானத் தளம் ஒன்றை எடுத்து டாட்ஜர்டவுன் என்று பெயரிட்டார்கள். வேலிக்கு உள்ளே எல்லாரும் ஒரே இடத்தில் தங்கலாம், ஒரே இடத்தில் சாப்பிடலாம். முடி வெட்டிக்கொள்ள வேண்டுமென்றால் கறுப்பின ஆட்டக்காரர் பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான கிஃபர்டுக்குத்தான் போக வேண்டும்.

கிளீவ்லாண்ட் அணியின் முதலாளி பில் வீக் வேறு வழி பார்த்தார். ஃப்ளோரிடாவில் ஒரு மைதானத்தில் கறுப்பினத்தவர் பகுதியில் போய் உட்கார்ந்து அரட்டை அடித்ததற்குப் போலீஸ் தன்னை எழுந்திருக்கச் சொன்னதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1947இல் தன் அணியை அரிசோனாவின் டூசானுக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் ஃபீனிக்ஸுக்கு வந்தது. இன்றைய கேக்டஸ் லீகின் விதை அதுதான். ஜூலையில் வீக், லாரி டோபியை ஒப்பந்தம் செய்தார். அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின ஆட்டக்காரர். அடுத்த மார்ச்சில் டோபி டூசானுக்கு வந்தால், அணி தங்கும் ஓட்டல் அவருக்கு இடம் தரவில்லை. ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். இரண்டாயிரம் மைல் மேற்கே போயும் ஓட்டல் கதவு அதே கதவுதான்.

அடுத்த பதிமூன்று, பதினான்கு வருடங்கள் இப்படியே ஓடின. ராபின்சன் ஆடி ஓய்வும் பெற்றுவிட்டார். வில்லி மேஸ், ஹாங்க் ஆரன், பாப் கிப்சன் என்று ஆட்டத்தின் முகமே மாறிவிட்டது. மைதானத்துக்குள் சேர்ந்து ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் வெள்ளையினர் ஓட்டலுக்கோ கடற்கரை வீட்டுக்கோ போவார்கள். கறுப்பினத்தவர்கள் ரயில்பாதைக்கு அந்தப்பக்கம் யாரோ ஒருவர் வீட்டு அறைக்குப் போவார்கள். அந்த அறைகளுக்கு மனைவியையும் பிள்ளைகளையும் எப்படிக் கூட்டி வருவது? ஒவ்வொரு வசந்தத்திலும் ஆறு வாரம் குடும்பத்தைப் பிரிந்திருப்பது அவர்கள் வேலையின் எழுதாத விதி. சக ஆட்டக்காரனின் பிள்ளைகள் மைதான வேலியோரம் ஓடித் திரிவதைப் பார்த்துக்கொண்டே ஆட வேண்டும்.

*

செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் எனக்கு முதலில் பார்க்க வேண்டியிருந்தது வினாய் ஓட்டல். கடலைப் பார்த்த, இளஞ்சிவப்பு நிறத்தில், அரண்மனை மாதிரியான கட்டடம். புதுப்பித்து இன்றும் நடக்கிறது. 1961 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தங்கிய இடம். அணி என்றால் அணியின் வெள்ளையினர்.

அந்த ஓட்டலிலிருந்து கொஞ்ச தூரத்தில் நகராட்சியின் ஸ்பா நீச்சல் குளமும் கடற்கரையும் இருந்தன. கறுப்பினத்தவர்களை அனுமதிக்க வேண்டும் என்று போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. 1958 ஜூனில் 19 வயது கறுப்பின இளைஞர் ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு குளத்தில் இறங்கி நீந்திவிட்டுப் போனார். அவ்வளவுதான். நகராட்சி குளத்தை மூடிவிட்டது. எல்லாரும் குளிப்பதைவிட யாருமே குளிக்காமல் இருப்பது மேல் என்ற முடிவு. ஊர்க் கிணற்றின் கதை தெரிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

தண்ணீர் என்று வந்தால் ஃப்ளோரிடா எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இன்னொரு சாட்சி, டேடோனாவுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் செயின்ட் அகஸ்டின். 1964 ஜூன் 18ஆம் தேதி கறுப்பினத்தவர்களும் வெள்ளையினர்களும் சேர்ந்து அங்கே ஒரு மோட்டல் குளத்தில் குதித்து மறியல் செய்தார்கள். முதலாளி, தரை கழுவும் ஆசிட்டைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கச் சுற்றியது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கார்டினல்ஸின் கதை.

செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு வருடாவருடம் வீடு பார்த்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் ரால்ஃப் விம்பிஷ். அங்கே பயிற்சிக்கு வந்த இன்னொரு அணியான யாங்கீஸின் எல்ஸ்டன் ஹோவர்டு அவர் வீட்டிலேயே தங்கியிருக்கிறார். 1961 தொடக்கத்தில் விம்பிஷ், இனி வீடு பார்த்துத் தர மாட்டேன் என்று பகிரங்கமாக அறிவித்தார். உங்கள் ஆட்டக்காரர்கள், உங்கள் ஓட்டல். நீங்களே கேட்டு வாங்குங்கள் என்பதுதான் அதன் பொருள். யோசித்துப் பார்த்தால் உதவி செய்து செய்தே அந்த ஏற்பாட்டைக் காப்பாற்றிவந்தவர்கள் இவர்கள். கையை எடுத்தவுடன் அது அந்தரத்தில் நின்றது. அதே ஜனவரியில் வெண்டெல் ஸ்மித், இப்போது சிகாகோ பத்திரிகை ஒன்றில், பயிற்சி முகாம்களின் பிரிவினையைப் பற்றி எழுதத் தொடங்கினார். சான்ஃபோர்டு ராத்திரிக்குப் பதினைந்து வருடம் கழித்து.

மார்ச்சில் ஊர் வர்த்தக சபை, படகு கிளப்பில் ஆட்டக்காரர்களுக்கு ஒரு காலை விருந்து வைத்தது. யார் யாருக்கு அழைப்பு என்று கார்டினல்ஸ் உடைமாற்றும் அறையில் பட்டியல் ஒட்டினார்கள். முதல் பேஸ் ஆட்டக்காரர் பில் ஒயிட் அதைப் படித்தார். அப்போதுதான் அணிக்கு வந்த ஒரு புதுப் பையனின் பெயர் இருந்தது. தன் பெயர் இல்லை. பாப் கிப்சன் பெயர் இல்லை. கர்ட் ஃப்ளட் பெயர் இல்லை. அந்த விருந்துக்குப் போக ஒயிட்டுக்கு ஆசையும் கிடையாது. ஆனால் போகமாட்டேன் என்று சொல்லும் உரிமை தன்னிடம் இருக்க வேண்டும் என்று நினைத்தார். ஏபி செய்தி நிறுவனத்தின் நிருபரிடம் மனதில் இருந்ததைக் கொட்டினார். செய்தி நாடு முழுக்க அச்சானது.

கார்டினல்ஸ் அணியின் முதலாளி ஆன்ஹைசர் புஷ் நிறுவனம். பட்வைசர் பீர் தயாரிப்பவர்கள். செயின்ட் லூயிஸில் கறுப்பினத்தவர்கள் அந்த பீரைப் புறக்கணிக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. அவசர அவசரமாக ஒயிட்டுக்கு அழைப்பு வந்தது. அவ்வளவு காலையில் எழுந்திருக்க முடியாது என்று அவர் போகவில்லை. ஹோவர்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

விருந்து ஒரு நாள் விஷயம். தங்குமிடம்தான் ஆறு வார விஷயம். ஓட்டல்கள் அசையவில்லை. யாங்கீஸ் 1962இல் ஃபோர்ட் லாடர்டேலுக்குப் போய்விட்டது. கார்டினல்ஸ் அங்கேயே இருக்க வேண்டுமென்றால் ஒரே வழி, ஓட்டலைக் கேட்காமல் தானே இடம் பிடிப்பது. புஷ்ஷின் நண்பரான தொழிலதிபர் ஒருவர் மூலம் ஸ்கைவே என்ற மோட்டலும் பக்கத்து மோட்டலும் அணியின் கைக்கு வந்தன. 1962 மார்ச்சில் அணி முழுவதும் அங்கே குடியேறியது. இந்த முறை குடும்பத்தோடு.

ஆனாலும் கடற்கரை வீட்டுக்காரர்கள் வராவிட்டால் அது கறுப்பினத்தவர்களுக்கான நல்ல மோட்டலாக மட்டுமே ஆகியிருக்கும். ஸ்டான் மியூசியல் அப்போது ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவர். கென் பாயர் அணியின் தூண். இருவருக்கும் கடலோரத்தில் குடும்பத்தோடு தங்கும் வழக்கம். இருவரும் அதை விட்டுவிட்டு மோட்டலுக்கு வந்தார்கள். அவர்கள் வந்ததும் மற்றவர்களும் வந்தார்கள். சாயங்காலம் முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கறி சுட்டார்கள். மனைவிமார் பழகினார்கள். பிள்ளைகள் குளத்தில் குதித்தார்கள்.

டேவிட் ஹால்பர்ஸ்டாம், 1964 உலகத் தொடரைப் பற்றிய தன் புத்தகத்தில் இந்த மோட்டலைப் பற்றி எழுதியிருக்கிறார். கறுப்பின, வெள்ளையினக் குடும்பங்கள் ஒரே குளத்தில் நீந்துவது ஊரில் வேடிக்கைப் பொருளாகவே ஆகிவிட்டதாம். நகராட்சி குளத்தையே மூடிய ஊர் அல்லவா? இரண்டு வருடம் கழித்து அந்த அணி யாங்கீஸை ஏழு ஆட்டத்தில் வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. பாயரின் கிராண்ட் ஸ்லாம் நான்காம் ஆட்டத்தைத் திருப்பியது. கிப்சன் ஏழாம் ஆட்டத்தை வீசி முடித்தார். ஒரு மோட்டல் கோப்பை வாங்கித் தந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அணியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் உடைமாற்றும் அறைக்கு வெளியிலும் அறிந்தவர்கள். ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்கள்.

பின்னாளில் ஃப்ளட், ஆட்டக்காரனை அணிகள் சரக்கு மாதிரி மாற்றிக்கொள்வதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒயிட் 1989இல் நேஷனல் லீகின் தலைவர் ஆனார். இருவரையும் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. எனக்கு இவை எல்லாவற்றையும்விட அந்த 1962 மார்ச் பெரிதாகத் தெரிகிறது. வேலைக்கான உரிமை ராபின்சனோடு 1947இல் வந்துவிட்டது. வேலை முடிந்த சாயங்காலத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் உரிமைக்கு இன்னும் பதினைந்து வருடம் ஆனது. ஓட்டல்களையும் உணவகங்களையும் எல்லாருக்கும் திறந்துவிட்ட குடியுரிமைச் சட்டம் 1964 ஜூலையில்தான் வந்தது. அதுவரை அந்த ஊரில் அது ஒரு மோட்டல் காம்பவுண்டு அளவுக்கு மட்டுமே இருந்த உரிமை.

அந்த வசந்தத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஆட்டம் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டும். இதைப் பார்க்க டிக்கெட் தேவைப்படவில்லை. மோட்டல் சாலைவழியாகப் போனவர்கள், குளத்துப் பக்கம் வந்ததும் காரை மெதுவாக்கினார்கள்.